கலியாணப் போட்டி காண்போர் மெய்ப்பாட்டியல்

பாயிரம்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டுக்கென்று தனி இயல் வைத்தார். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் நான்கு பிறப்பிடம் சொல்லி, முப்பத்திரண்டோடு கணக்கை மூடினார். அவர் காலத்தில் றிமோட் இல்லை. ஆகையால், முன்பின் தெரியாதவர்கள் கலியாணத்துக்குப் போட்டிபோடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி பாயில் சரிந்து கிடப்பவருக்கு என்னென்ன மெய்ப்பாடு தோன்றும் என்பதை அவர் சொல்லாமலே போய்விட்டார். முன்னோர் விட்டதைப் பின்னோர் நிரப்பலாம் என்பது மரபு. அந்தத் துணிவில் எழுந்தது இந்நூல்.

பாயிர உறுப்புகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். எல்லை: வடக்கே ஆனையிறவு, கிழக்கே முல்லைத்தீவுக் கடல், தெற்கே வவுனியா, மேற்கே மடுக் காடு. கேட்போர்: டிஷ் பூட்டிய வீட்டாரும், நிகழ்ச்சி தொடங்குகிற நேரம் பார்த்து அந்த வீட்டுக்குத் தேங்காய் கடன் கேட்டு வருவோரும். பயன்: பொழுது போதல்.

காலம் என்ற உறுப்புக்கு மட்டும் விரிவுரை வேண்டும். 1996 இல் கொழும்பு அரசு மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பிறகு மனம் மாறி அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கையிலிருந்த வன்னி அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றது. ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்குப் போனவர் அரை மணித்தியாலத்தை வழியில் தொலைத்தார். திரும்பி வரும்போது பொறுக்கிக்கொண்டார். அந்த ஆண்டுகளில் சென்னையில் எட்டு மணி என்றால் கிளிநொச்சியிலும் எட்டு மணி. நேரம் அச்சொட்டாகப் பொருந்தியது. ரிவி பார்க்கக் கறண்ட்தான் இல்லை. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. போர் முடிந்து சில ஆண்டுகளில் மின்கம்பியும் வந்தது. அதன் பிறகே இந்நூலுக்குரிய பொருள் வன்னியில் பிறந்தது.

காட்சி வகை

காணப்படும் நிகழ்ச்சி மூவகைப்படும்: வரன்வரிசை, சுயம்வரம், பந்தி.

வரன்வரிசைக்கு எடுத்துக்காட்டு 2000 ஆம் ஆண்டு முதல் சன் தொலைக்காட்சியில் வந்த ‘கல்யாணமாலை’. ஞாயிறு காலையில் பெண்ணோ பிள்ளையோ வந்து படிப்பு, தொழில், எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இதில் போட்டி எங்கே எனின், பார்ப்பவர் வீட்டில். “உவர் எஞ்சினியர் எண்டு சொல்லேக்க கண் வேற எங்கையோ போகுது” என்று ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் மாப்பிளையை உருத்திரபுரத்தில் இருந்தபடியே தள்ளிவிட முடிந்தது. இந்த வகைக்கு இவ்வளவு போதும்.

சுயம்வரத்துக்குத் தாய்வழி இரண்டு. ஒன்று புராண வழி: அரசர்கள் வரிசையாக நிற்பார்கள், பெண் மாலையோடு வருவாள். மற்றது முல்லை வழி: கலித்தொகையில் காளையைத் தழுவியவனுக்கே பெண். முல்லையை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நாங்கள் இரண்டாவதையே மேலானதாகக் கொள்ள வேண்டும். என்னை? அங்கே நடுவர் காளை. அதற்கு யாரும் கையூட்டுக் கொடுக்க முடியாது. விளம்பர இடைவேளையும் விடாது. தீர்ப்பை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போடவும் தெரியாது.

தொலைக்காட்சி இந்த முறையைத் தலைகீழாக்கியது. 2000 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஃபொக்ஸ் அலைவரிசை ஐம்பது பெண்களை ஒரு கோடீஸ்வரருக்காக மேடையேற்றி, அன்றைக்கே கலியாணமும் செய்துவைத்தது. சில மாதத்தில் அந்தக் கலியாணம் சட்டப்படி இல்லாமலானது. 2002 இல் வந்த ‘த பச்லர்’ அதையே ஆறுதலாக, ரோசாப்பூவும் கையுமாக, பல கிழமைக்கு இழுக்கக் கற்றுக்கொண்டது. இந்தியாவில் 2009 ஜூன் முடிவிலிருந்து ஓகஸ்ட் தொடக்கம் வரை ராக்கி சாவந்த் தனக்கு மாப்பிளை தேடினார். ரொறன்ரோவில் இருந்து வந்த ஒருவரைத் தெரிவுசெய்து நிச்சயதார்த்தமும் செய்தார், கலியாணம் நடக்கவில்லை. இந்த நிகழ்ச்சிக்கு வன்னியில் காண்போர் இல்லை. அந்த மாதங்களில் வன்னிச் சனம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. ஆகவே அதை இந்நூல் ஆராயாது.

ஆராய்வது 2018 ஐ. அந்த ஆண்டு பெப்ரவரியில் புதிதாகத் தொடங்கிய கலர்ஸ் தமிழ் அலைவரிசை ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மாப்பிளை நடிகர் ஆர்யா. பெண்கள் பதினாறு பேர். நடத்தியவர் நடிகை சங்கீதா. காலபோக வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பகலில் வயலிலும் நெல் காயவிட்ட வீதியோரத்திலும் நின்ற சனம் இரவில் குளித்துவிட்டு வந்து, பதினாறு பெண்களில் யார் யார் கழிவது என்று முடிவுசெய்ய உட்கார்ந்தது.

மூன்றாம் வகையாகிய பந்தியை உவகையில் சொல்வேன்.

காண்போர் வகை

காண்போர் பலர். சாதகம் பார்ப்போர், சேலை பார்ப்போர், பார்க்கவில்லை என்று சொல்லிக் கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்ப்போர் (இவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கையில் ஒரு வேலையும் இருக்காது), போனில் யூரியூப்பில் முன்னுக்கே பார்த்துவிட்டு வந்து முடிவைச் சொல்லிக் கெடுப்போர். கடைசி வகையினரை நூலோர் காண்போராகக் கொள்வதில்லை.

தலையாய காண்போர் எங்கள் பெரியம்மா. அவர் கதையைக் கேட்பதில்லை, கையைப் பார்ப்பார். பெண் தேத்தண்ணீர்த் தட்டைப் பிடிக்கிற விதம், நகம், காப்பு, தட்டை வைத்த பிறகு அந்தக் கை எங்கே போகிறது என்பது. அதைக் கொண்டு முதற் கிழமையிலேயே நாலு பேரைக் கழித்துவிட்டார். விளம்பரம் வந்ததும் எழும்பிப் போய் நீத்துப்பெட்டியில் பிட்டைக் கொட்டி அடுப்பில் வைப்பார். ஆவி வருவதற்கும் நிகழ்ச்சி திரும்பத் தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். ஒருமுறை விளம்பரம் நீண்டு பிட்டு அளவுக்குமேல் அவிந்துபோனது. அன்றைக்குத் திரையில் வந்த எந்தப் பெண்ணும் அவர் கணக்கில் தேறவில்லை.

எண்வகை மெய்ப்பாடு

முதலாவது நகை. இதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு பிறப்பிடம் சொல்வர். நான்கையும் தேடிப் போகத் தேவையில்லை. மாப்பிளை குதிரையில் வந்தால் நான்கும் சேர்ந்து வரும். எங்கள் மாப்பிளைமாரும் இப்போது குதிரை வண்டியில் வருகிறார்கள், மேலே ட்ரோன் சுற்றுகிறது. ஆகவே இந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் அடுத்த மாதம் குதிரை வண்டிக்கு முற்பணம் கொடுத்திருப்பார்கள்.

மருட்கை பற்றிப் பேச அதிகம் இல்லை. அரண்மனை, தோட்டம், இரவு முழுக்க எரியும் விளக்கு. “கறண்ட் பில்லை ஆர் கட்டுறது?” என்ற கேள்வியோடு அது அடங்கும்.

அச்சம் வன்னிக்குச் சிறப்பாக உரியது. தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கைக் காட்டினார். நாம் ஐந்தாவதாக மின்சார சபையைச் சேர்க்கிறோம். மாப்பிளை பெண்ணின் பெயரைச் சொல்லப் போகிறார், இசை உச்சத்துக்கு ஏறுகிறது, கமரா மூன்று முகத்தையும் மாறி மாறிக் காட்டுகிறது. அப்போது பெய்யும் ஒரு சின்ன மழை போதும். இந்த அச்சத்தின் எல்லையை நாடு 2022 மார்ச் முடிவில் கண்டது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். அப்போது தெற்கில் இருப்போர் பட்ட பாட்டைப் பார்த்து, இருபது ஆண்டு குப்பி விளக்கில் இருந்த எங்கள் ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு இது அச்சத்தில் சேராது. பழைய பாடத்தைத் திருப்பிப் படித்தலில் சேரும். இளையோருக்குரிய அச்சம் வேறு: ரீலோட் முடிதல்.

அழுகையும் இளிவரலும் வேறு வேறு என்பது முன்னோர் கொள்கை. ஆர்யாவின் நிகழ்ச்சியில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெண் வெளியேறுகிறாள், அழுகிறாள், கமரா கண்ணீர்த் துளி கன்னத்தைத் தாண்டும் வரை காத்திருக்கிறது. தென்னிலங்கையிலோ சென்னையிலோ இருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்காக இருக்கலாம். இங்கே, ஒரு மாப்பிளைக்குப் பதினாறு பெண் என்பது எழுத்தாளர் கற்பனை செய்த கணக்காகத் தோன்றாது. போரில் போனவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கடல் கடந்தவர்கள் என்று பெடியங்கள் குறைந்துபோன ஒழுங்கைகளில், வெளிநாட்டிலிருந்து ஒரு மாப்பிளையின் படம் வந்தால் அது எத்தனை வீட்டு மேசையில் வைக்கப்பட்டது என்பது புறோக்கருக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டு, பலகாரம் சாப்பிட்டு, “பிறகு அறிவிக்கிறம்” என்று சொல்லிப் போவார்கள். அறிவிக்க மாட்டார்கள். புறோக்கரின் போன் எடுபடாது. அவ்வளவுதான் எங்கள் வெளியேற்றச் சுற்று. இசையும் இல்லை, கட்டிப்பிடித்து அழச் சக போட்டியாளரும் இல்லை. அப்படி நாலைந்து முறை பலகாரம் சுட்ட வீட்டில் இந்த நிகழ்ச்சி ஓடும்போது, அந்தப் பிள்ளை பேசாமல் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போகும். யாரும் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பதில்லை. ஒருமுறை கிணற்றடியிலிருந்து திரும்பி வந்த பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “மூஞ்சைக்கு நேர சொல்லுறான் எண்டாலும் பரவாயில்லை.” இளிவரலின் நான்கு பிறப்பிடங்களில் இதற்கு இடம் தேடினேன். வருத்தம் என்பதன் கீழ் வைத்திருக்கிறேன், சரியாகப் பொருந்தவில்லை.

பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றால் பிறக்கும். இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் ஒருவர் கனடாவிலிருந்து வந்த, இலங்கைப் பின்னணியுள்ள பெண். அன்றிலிருந்து வன்னியில் அவருக்குச் சொந்தக்காரர் பெருகினர். கதைக்கிற தமிழை வைத்து ஒரு வீட்டார் ஊரைக் கண்டுபிடித்தார்கள். மற்ற வீட்டார் மூக்கை வைத்துக் குடும்பத்தையே கண்டுபிடித்தார்கள். இரு வீட்டாரும் கண்டுபிடித்தவை வேறு வேறு ஊர்கள். “எங்கட பிள்ளை வெல்லோணும்” என்றவர்களே, “வெண்டு என்ன காணப் போகுது” என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது குரல் பழையது. வன்னியின் நாட்டார் கதையில் வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை ஆண்களால் முடியாத யானையைப் பிடித்துக் கட்டினாள்; பொறாமையால் மாண்டாள். அவளுக்காக ஒப்பாரியே பாடி வைத்திருக்கிறது இந்த மண். போட்டியில் வெல்லும் பெண்ணைப் பார்த்தவுடன் எங்கள் கிழவிகளுக்கு நெஞ்சு நிமிர்வதும் நெஞ்சு பதறுவதும் ஒன்றாகவே நடக்கும்.

இனி வெகுளி. நூலின் நடுத்தூண் இதுவே.

2018 ஏப்ரலில் முடிவு நாள் வந்தது. மூன்று பெண்களும் மணப்பெண் கோலத்தில் நின்றார்கள். குடும்பத்தார் வந்திருந்தார்கள். மாப்பிளை வாய் திறந்தார். ஒருவரைச் சொன்னால் மற்ற இருவரும் நோவார்கள், தனக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்ற பொருளில் பேசி, யாரையும் தெரிவுசெய்யாமல் முடித்துக்கொண்டார். வற்றாப்பளையில் ஆண்டுதோறும் கண்ணகிக்குப் பொங்குகிற மண் இது. பெண்ணைக் கூட்டிவந்து கைவிடுகிறவனுக்குச் சொல்ல வேண்டிய சொற்களை யாரும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. றிமோட் சுவரில் பட்ட வீடுகள் உண்டு.

வினா: அந்த வெகுளி ஆர்யாமேலா? விடை: அற்றன்று. நடிகர் தனக்குப் பிடித்ததைச் செய்தார், செய்யட்டும். வெகுளி எங்கே பிறந்தது என்றால், முகூர்த்தம் இல்லாமையில்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டுக் கலியாணத்தில் எத்தனை இழுபறி வந்தாலும் முகூர்த்தம் என்று ஒரு வெட்டுக்கோடு உண்டு. காலை 9.04 முதல் 10.21 வரை என்று சாத்திரியார் எழுதித் தந்துவிட்டால், அந்த எழுபத்தேழு நிமிடத்துக்கு எல்லாரும் அடங்கியாக வேண்டும். பெண் வீட்டார் தாலிக்கொடியின் பாரத்தைக் கண்ணால் நிறுத்து முகம் சுழிக்கலாம். தாய்மாமன் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று மாமரத்தடியில் போய் இருக்கலாம். மேளக்காரரின் வான் முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு நிற்கலாம். வீடியோக்காரர் வெளிச்சம் காணாது என்று ஐயருக்கும் அக்கினிக்கும் நடுவில் ஏணியை வைக்கலாம். எல்லாம் நடக்கும், ஆனாலும் 10.20 க்குக் கெட்டிமேளம். மாமனும் வந்து நிற்பார், முகத்தைத் தூக்கிக்கொண்டேனும். தயங்குகிற மாப்பிளைக்கும் அந்த நேரம் கை தானாக எழும்பும். எங்கள் கலியாணங்களில் பாதி, மாப்பிளையின் துணிவினால் நடக்கவில்லை. மணிக்கூட்டுக்குப் பயந்து நடந்தவை.

தொலைக்காட்சிக்கு முகூர்த்தம் இல்லை. அதற்கு உள்ளது அடுத்த பகுதி. இன்றைக்குச் சொல்ல வேண்டியதை நாளைக்கு வைத்திருப்பதே அதன் தொழில். அந்தத் தொழிலில் இரண்டு மாதம் பழகிய மாப்பிளை கடைசி நாளிலும் அதையே செய்தார் என்பதில் வியப்பில்லை. ஒரு சாத்திரியாரையும் ஒரு மேளக்காரரையும் அந்த மேடையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் துணிபு.

எட்டாவது உவகை. அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கிலிருந்து வருவது. மேலே ஒத்திவைத்த பந்தி வகை இங்கே வரும். 2009 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ‘ஃபோர் வெடிங்ஸ்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஒருவரையொருவர் அறியாத நான்கு மணப்பெண்கள், ஒருவர் கலியாணத்துக்கு மற்ற மூவரும் போய், உடுப்பு, மண்டபம், சாப்பாடு, மொத்த அனுபவம் என்று புள்ளி போடுவார்கள். கூடிய புள்ளி எடுத்தவருக்குத் தேனிலவுப் பயணம் பரிசு. இதைக் கண்டுபிடித்தவர்கள் புதுமை செய்ததாக எண்ணியிருப்பார்கள். வவுனியாவில் கலியாணம் முடிந்து கிளிநொச்சிக்குத் திரும்பும் வாடகை வானில் அவர்கள் ஒருநாளும் ஏறியதில்லை.

அந்த வானில் புள்ளியிடுதல் ஏ9 வீதியின் ஒழுங்கில் நடக்கும். ஓமந்தை வரை கூறைச் சேலை: நிறம் முகத்துக்கு எடுத்ததா, கரை உண்மைச் சரிகையா. புளியங்குளம் வரை நகை: சொந்தமா, இரவலா, வங்கியிலிருந்து ஒருநாளைக்கு எடுத்ததா. மாங்குளம் வரை சாப்பாடு. இதில் பருப்புக்கு ஒரு தனி நிறுத்தம் உண்டு, பாயசத்துக்குக் கஜூ போட்டதா என்பது கனகராயன்குளத்தில் பேசி முடிக்கப்படும். முறிகண்டியில் இறங்கி ஏறிய பிறகு உபசாரம்: வாசலில் பன்னீர் தெளித்தவர் சிரித்தாரா, எங்களை எந்தப் பந்தியில் இருத்தினார்கள். கிளிநொச்சி நகர எல்லை வந்ததும் பெண்ணின் குணம் தொடங்கும். வீடு வந்துவிடுவதால் அது எப்போதும் முடியாமலே நிற்கும்.

தொலைக்காட்சி தரும் உவகை இந்த வானின் உவகையே. வான் வாடகையும் என்வலப்பும் மட்டும் இல்லை. என்வலப்பில் ஐயாயிரம் வைப்பதா, அவர்கள் எங்கள் வீட்டுக்கு என்ன வைத்தார்கள் என்று பழைய கொப்பியை எடுத்துப் பார்ப்பதா என்ற கவலை இல்லாமல், சாப்பிடாத சாப்பாட்டுக்குக் குறை சொல்லலாம். நாளைக்குச் சந்தையில் அந்த வீட்டாரின் முகத்தில் விழிக்கவும் வேண்டாம்.

இந்த இடத்தில் சட்ட நூலோர் ஒரு தடை எழுப்புவர். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்த தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு இன்றும் சட்டம். சொத்தை அது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கும். எங்கள் பெண்ணொருத்தி அப்படியொரு போட்டியில் தேனிலவுப் பயணம் வென்றால் அது எந்தச் சொத்து? கலியாணத்துக்குப் பிறகு வந்தபடியால் தேடியதேட்டம், இருவருக்கும் பாதி என்பர் ஒருசாரார். தகப்பன் வாங்கிக் கொடுத்த சேலைக்கும் தாய்வீட்டார் சமைத்த சோற்றுக்கும் விழுந்த புள்ளி ஆகையால் சீதனமே என்பர் மறுசாரார். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராயிருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் கேட்டேன். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், “பயணம் போட்டு வந்திட்டினம் எண்டால் பொருளே இல்லை. பொருள் இல்லாட்டி வழக்கும் இல்லை. டிக்கெட்டை வித்தால் என்னட்டை வரச் சொல்லு” என்றார்.

புறனடை

இங்கே சொல்லாதவற்றைச் சொன்னவற்றோடு சேர்த்து அறிந்துகொள்க. ஒன்று மட்டும் வகைக்குள் அடங்காமல் நிற்கிறது.

2019 மார்ச் 10 ஆம் திகதி ஆர்யா ஹைதராபாத்தில் நடிகை சாயிஷாவைக் கலியாணம் செய்தார். போட்டி எதுவும் வைக்கவில்லை. படங்கள் போனுக்கு வந்தன. மச்சாள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்ட, பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெண்ணின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:

“அந்தப் பதினாறு பெட்டையளுக்கும் காட் குடுத்தவரோ?”